ஒரே வெண்ணெய், மூணு பதம்: ஃபின்லாந்து, டென்மார்க் பேக்கிங்ல நான் சொதப்புன கதை

ஃபின்லாந்துல இருக்கிற எஸ்போவுக்கு நான் வந்து ஏழு வருஷம் ஆச்சு. வந்த வருஷம் நவம்பர் கடைசில ஒரு ஞாயித்துக்கெழமை, மணி மூணரைதான் இருக்கும், அதுக்குள்ள வெளிய இருட்ட ஆரம்பிச்சிருச்சு, பால் வாங்கலாம்னு அபார்ட்மெண்ட் படியில இறங்குறேன், ரெண்டாவது மாடில ஏதோ ஒரு வீட்டுலருந்து ஏலக்காய் வாசனை. சொந்த ஊரு தேனி மாவட்டம் போடி எனக்கு, ஏலக்காய் மூட்டைக்கு நடுவுல வளந்தவன், அப்படியே நின்னுட்டேன். யாரோ நம்மாளு பாயாசம் வைக்கிறாங்க போலன்னு நினைச்சு கதவுல பேரைப் பாத்தா ஒன்பது எழுத்து ஃபின்னிஷ் பேரு.

மறுநாள் ஆபீஸ்ல கேட்டப்பதான் சொன்னாங்க, அது புல்லா. ஏலக்காய் போட்ட, ஈஸ்ட்ல பொங்குன இனிப்பு பன் மாவு, அதுலருந்து பத்து வகை பண்ணுவாங்க. "புல்லா வாசம் அடிக்கிற அம்மா"ன்னு இங்க ஒரு பேச்சே உண்டு, வீட்டோட இருந்து பிள்ளைங்களுக்கு எல்லாம் பண்ணிப் போடுற அம்மாவைச் சொல்றது, இப்பல்லாம் பாதி கிண்டலாத்தான் சொல்றாங்க. ஆளுக்கு எவ்வளவுன்னு பாத்தா, காப்பி குடிக்கிறதுல உலகத்துலேயே முன்னாடி நிக்கிற நாடு இது, காப்பின்னா கூட ஒரு புல்லா இருக்கணும், அம்புட்டுதான்.

சரி, நம்மளும் பண்ணுவோம்னு இறங்குனேன். பேக்கிங்ல அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சது குக்கர்ல வெயிட் போடாம மணல் பரப்பி கேக் பண்றது மட்டும்தான், அதையும் அக்காதான் பண்ணுவா, நான் வேடிக்கை பாத்தவன்.

முதல் தடவை பண்ணது கல்லு. நிஜமாவே கல்லு, மேசையில தட்டுனா சத்தம் வந்துச்சு. காரணம் என்னன்னா இங்க ரெசிபி எல்லாம் கிராம்ல இருக்காது, டெசிலிட்டர்ல இருக்கும். மாவு 15 டெசிலிட்டர்னு போட்டிருந்துச்சு, ஒரு டெசிலிட்டர்னா 100 மில்லி, அப்ப 15 டெசின்னா ஒன்றரை லிட்டர், ஒன்றரை லிட்டர்னா ஒன்றரை கிலோன்னு தராசுல வெச்சு அளந்து கொட்டிட்டேன். தண்ணிக்குத்தான் அந்தக் கணக்கு. கோதுமை மாவு ஒரு டெசி சுமாரா 65 கிராம்தான் வரும், அப்ப 15 டெசின்னா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அரைக் கிலோ மாவை அதிகமாப் போட்டா அது பன்னா வரும்? சர்க்கரை ஒரு டெசி 85, 90 கிராம். இந்த ரெண்டு நம்பரையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுனதுக்கப்புறம்தான் எனக்கு எதுவுமே உருப்படியா வந்துச்சு. வெளிநாட்டு ரெசிபி பாத்துப் பண்றவங்க முதல்ல அளவு எதுல இருக்குன்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ரெண்டாவது தடவை மாவு பொங்கவே இல்ல. பாலைக் கொதிக்க வெச்சு, கொஞ்சம் ஆறுனமாதிரி இருக்கவும் ஈஸ்டைப் போட்டேன், ஈஸ்ட் செத்துப்போச்சு. ரெசிபில "கைச்சூடு"ன்னு போட்டிருந்துச்சு, 37 டிகிரி. காஞ்ச ஈஸ்ட்னா கொஞ்சம் கூட, 42. எங்கிட்ட தெர்மாமீட்டர் இல்ல. அம்மாகிட்ட வீடியோ கால்ல பொலம்புனேன், "ஏண்டா, பாலுக்கு உறை ஊத்துற சூடு தெரியாதா உனக்கு? விரலை விட்டுப் பாத்தா இதமா இருக்கணும், அவ்வளவுதான" அப்படின்னுச்சு. ஏழு கடல் தாண்டி வந்து படிச்சதுக்கு விடை எங்க வீட்டுத் தயிர் சட்டில இருந்துருக்கு. அன்னையிலருந்து உறை ஊத்துற பதம்தான் எனக்குக் கணக்கு, ஒரு தடவை கூட தப்புனதில்ல.

இப்ப நான் பண்ற அளவைச் சொல்லிடுறேன், சின்னக் குடும்பத்துக்குச் சரியா இருக்கும், பன்னெண்டு பன் கிட்ட வரும். பால் கால் லிட்டர், பச்சை ஈஸ்ட் 25 கிராம் (இங்க 50 கிராம் கட்டியா ஃப்ரிட்ஜ் செக்ஷன்ல கிடைக்கும், பாதி போதும்), முட்டை ஒண்ணு, சர்க்கரை 90 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், ஏலக்காய் ரெண்டு டீஸ்பூன், மாவு 450 கிராம், வெண்ணெய் 75லருந்து 100 கிராம். முட்டை சாப்பிடாத வீடுன்னா முட்டையை விட்டுட்டு மூணு ஸ்பூன் பால் கூட ஊத்துங்க, கொஞ்சம் மிருது குறையும், மத்தபடி ஒண்ணும் ஆகாது.

ஏலக்காயை மைய அரைக்கக்கூடாது. இங்க கடையில விக்கிறதே கொரகொரப்பாத்தான் இருக்கும், கடிக்கும்போது ஒரு துணுக்கு பல்லுல மாட்டணும், அப்பதான் அது புல்லா. கடைத்தூள் எனக்கு அவ்வளவா பிடிக்கல, மூடி திறந்த ரெண்டாவது வாரம் வாசனை பாதியாயிரும். அம்மா கொடுத்து விடுற போடி ஏலக்காயை உரிச்சு, விதையை மட்டும் அப்பப்ப இடிச்சுப் போடுறேன், அதுல ஒன்றரை ஸ்பூனே ரெண்டு ஸ்பூன் வேலை பாக்கும். ஆபீஸ்ல ஒரு தடவை கொண்டு போனப்ப ஒருத்தர் மோந்து பாத்துட்டு "இது எந்தக் கடை ஏலக்காய்"னு கேட்டாரு, எனக்கு காலர் தன்னால தூக்கிருச்சு.

பிசையும்போது வெண்ணெயைக் கடைசிலதான் போடணும். இதுதான் வெண்ணெயோட முதல் பதம். உருக்குனதும் கூடாது, ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த கட்டியும் கூடாது, விரலை வெச்சா பள்ளம் விழணும், ஆனா பளபளன்னு எண்ணெய் விடக்கூடாது. மாவு முதல்ல பால்ல நல்லா ஊறி, பிசைஞ்சு, கொஞ்சம் இழுவை வந்தப்புறம் இந்த வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேக்கணும். ஆரம்பத்துலேயே போட்டுட்டா மாவுல கொழுப்பு ஒட்டிக்கிட்டு இழுவை வர ரொம்ப நேரம் எடுக்கும். வெண்ணெய் போட்டதும் ஒரு அஞ்சு நிமிஷம் எல்லாம் நாசமாப்போன மாதிரி வழுக்கிக்கிட்டு கிடக்கும், அப்ப பயந்து போய் மாவை அள்ளிப் போடுவோம் பாருங்க, அங்கதான் எல்லாரும் மாட்டுறது, நானும் மாட்டுனேன். போடாதீங்க. பிசைஞ்சுக்கிட்டே இருங்க. ஃபின்னிஷ் ரெசிபி எல்லாத்துலயும் ஒரு வரி இருக்கும், "மாவு கையை விட்டும் பாத்திரத்து ஓரத்தை விட்டும் கழண்டு வர வரைக்கும்"னு, அது தன்னால நடக்கும், பத்து நிமிஷம் ஆனாலும் நடக்கும். லேசா ஒட்டுற மாவுதான் மறுநாளும் மெத்துன்னு இருக்கும், கையில சுத்தமா ஒட்டாத மாவு நம்ம சப்பாத்திக்குத்தான் லாயக்கு.

மூடி வெச்சா ஒரு மணி நேரத்துல ரெண்டு மடங்கு ஆயிரும். அதுலருந்து கொர்வாபூஸ்தி பண்றதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. நம்ம ஊர்ல சினமன் ரோல்னு விக்கிறாங்களே, அதுக்கு இங்க இருக்கிற அண்ணன். பேருக்கு அர்த்தம் என்ன தெரியுமா, காதோட சேத்து ஒண்ணு விடுறது. அப்படியே நம்ம "செவுட்டுல ஒரு அறை". பன் ரெண்டு பக்கமும் காது மாதிரி விரிஞ்சு நிக்கும், அதனால அந்தப் பேருன்னு சொல்றாங்க.

மாவை அரை செண்டிமீட்டர் கனத்துல நீளமா, முப்பதுக்கு அம்பதுன்னு விரிச்சுக்கங்க. மேல வெண்ணெய் தடவணும், இதுவும் அதே மெத்துன்னு இருக்கிற வெண்ணெய்தான். நான் சோம்பேறித்தனப்பட்டு மைக்ரோவேவ்ல உருக்கி ஊத்துனேன் ஒரு நாள், சுருட்டும்போதே ஓரத்துல வழிஞ்சு, அடுப்புல தட்டுல இறங்கி, சர்க்கரையோட சேந்து கருகி, தட்டை ரெண்டு நாள் ஊற வெச்சுத் தேய்ச்சோம். வெண்ணெய் மேல சர்க்கரையும் பட்டையும் தூவி, நீளவாக்குல சுருட்டி, மூட்டு அடிப்பக்கம் வர மாதிரி வைங்க. இப்ப நேரா வெட்டக்கூடாது, கத்தியை ஒரு தடவை இந்தப் பக்கம் சாய்ச்சு, அடுத்த தடவை அந்தப் பக்கம் சாய்ச்சு, ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் குறுகலா ரெண்டு செண்டி, மறு பக்கம் அகலமா அஞ்சாறு செண்டி இருக்கிற மாதிரி. குறுகல் பக்கம் மேல வர நிக்க வெச்சு, நடுவுல கட்டை விரலால அமுக்குங்க. தயங்காம, விரல் பலகையில முட்டுற வரைக்கும். நான் பாவம் பாத்து லேசா அமுக்குனேன், அடுப்புல அது அப்படியே எந்திரிச்சு காது இல்லாத மொட்டையா வந்துச்சு. செவுட்டுல அறையறதுன்னு முடிவு பண்ணா ஒழுங்கா அறையணும்.

அப்புறம் இன்னொரு அரை மணி நேரம் பொங்க விட்டு, முட்டை தடவி, கல்கண்டுத் தூள் மாதிரி இருக்கிற வெள்ளை சர்க்கரைத் துணுக்கைத் தூவி, 225 டிகிரில பத்து பன்னெண்டு நிமிஷம். அந்தச் சர்க்கரை அடுப்புல உருகாது, கடிச்சா நறுக்குன்னு இருக்கும். அது கிடைக்கலன்னா கட்டிச் சர்க்கரையைத் துணில கட்டி உடைச்சுப் போடுங்க. அந்த அரை மணி நேரத்தை அவசரப்பட்டுக் குறைச்சா பன் அடுப்புக்குள்ள பக்கவாட்டுல வெடிச்சு உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வரும்.

பட்டை பத்தி ஒண்ணு. இங்க கடையில விக்கிற பட்டைத்தூள் பெரும்பாலும் கேசியா வகை, அதுல கூமரின்னு ஒரு பொருள் இருக்கு, ரொம்ப ஜாஸ்தியா சாப்பிட்டா ஈரலுக்கு ஆகாது. ஐரோப்பிய யூனியன் இதுக்கு வரம்பு வெச்சிருக்கு, 2013 கடைசில டென்மார்க்ல அதிகாரிங்க அந்த வரம்பைக் காட்டி பட்டை பன்னுல கை வைக்கப் போக, பேக்கரிக்காரங்க கொதிச்சுப் போயிட்டாங்க, நாட்டோட பாரம்பரியத்துல கை வைக்கிறீங்களான்னு. இலங்கைப் பட்டையில அந்தக் கூமரின் ரொம்பவே கம்மி. அடிக்கடி பண்றவங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்காரங்க அதை வாங்கிக்கிறது நல்லது, இங்க எஸ்போலயே தமிழ்க் கடைகள்ல சுருளாக் கிடைக்குது, வாசனையும் மென்மையா இருக்கும்.

அடுத்தது கர்யாலன்பீரக்கா. இது இனிப்பே இல்ல, பலபேருக்கு இதை பேஸ்ட்ரின்னு சொன்னாலே கோவம் வரும், ஆனா ஃபின்லாந்து அடுப்பைப் பத்திப் பேசிட்டு இதை விட முடியாது. ரைன்னு ஒரு தானியம், அதோட மாவு கம்பு மாவு மாதிரி கருப்பா இருக்கும், அதுல பண்ண மெல்லிசான தோலு, உள்ள பால்ல வெந்த அரிசிக் கஞ்சி, ஓரமெல்லாம் சுருக்கு வெச்சு ஓடம் மாதிரி இருக்கும். கரேலியா கிழக்குப் பக்கம், அதுல பெரும்பகுதி ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் சோவியத் யூனியனுக்குப் போயிருச்சு, நாலு லட்சத்துக்கு மேல ஜனம் வீடு வாசலை விட்டுட்டு ஃபின்லாந்து முழுக்க வந்து குடியேறுனாங்க, அவங்களோட சேந்து இந்தப் பலகாரமும் எல்லா ஊருக்கும் போச்சு. 2003லருந்து ஐரோப்பாவுல இந்தப் பேருக்குப் பாதுகாப்பு இருக்கு, தோலு ரைல முறைப்படி பண்ணாத்தான் இந்தப் பேரு போடலாம், இல்லன்னா "அரிசி பீரக்கா"ன்னுதான் பாக்கெட்ல போடணும். கடையில வாங்குறப்ப பேரைப் படிச்சுப் பாருங்க, நிறைய பாக்கெட் ரெண்டாவது வகைதான்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கூட வேலை பாக்குற ஒருத்தரோட அம்மா, கிழக்கு ஃபின்லாந்துல யொயென்சூ பக்கம், எழுவத்தஞ்சு வயசு இருக்கும். இங்க எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், நீ நான்தான். எனக்கு அவங்களை மொட்டையாப் பேர் சொல்ல வாய் வரல, பேரே சொல்லாம "எக்ஸ்கியூஸ் மி, எக்ஸ்கியூஸ் மி"ன்னே ரெண்டு நாளை ஓட்டுனேன்.

அரிசிக் கஞ்சி நம்ம ஏரியாதானன்னு தெனாவட்டா இருந்தேன். போறதுக்கு முன்னாடி வீட்டுல ட்ரயல் பாத்தது பொன்னி புழுங்கலரிசில. குழையவே இல்ல, புழுங்கல் ஏற்கனவே அவிச்ச அரிசி, அது பால்ல கஞ்சித்தன்மையை விடாது, பாலு தனியா அரிசி தனியா நிக்கும். இங்க பூரோரீசின்னு குட்டையா உருண்டையா ஒரு பச்சரிசி கிடைக்குது, அதுதான் வேணும். அந்தம்மா பண்ணது, அரிசி ரெண்டு டெசி, தண்ணி மூணு டெசி, முதல்ல தண்ணில வேக விட்டு தண்ணி இழுத்ததும்தான் பால் ஏழு எட்டு டெசி. நேரா பால்ல போட்டா அடி பிடிக்கும், அடி பிடிச்ச வாசனை மொத்தத்துலயும் ஏறிரும். அப்புறம் சின்னத் தீயில முக்கால் மணி நேரம், கடைசில உப்பு. சர்க்கரை கிடையாது. நான் பழக்க தோஷத்துல சர்க்கரை டப்பாவைக் கையில எடுக்க, அந்தம்மா என் கையைப் பாத்த பார்வை இருக்கே. கஞ்சி நல்லா கெட்டியா இருக்கணும், முழுசா ஆறணும், சூடா வெச்சா தோலு ஊறிக் கிழிஞ்சிரும், அதனால முந்தின நாளே பண்ணி வெச்சுருவாங்க.

தோலுக்கு தண்ணி ரெண்டு டெசி, உப்பு ஒரு ஸ்பூன், ரை மாவு மூணரை டெசி, கோதுமை மாவு ஒரு டெசி. வெண்ணெய், எண்ணெய் ஒண்ணும் இல்ல. சப்பாத்தி தேய்ச்சுப் பழகுன கைதானன்னு நான் குழவியை எடுத்தேன், நாலாவது இழுப்புல ஓரமெல்லாம் விண்டு போச்சு. ரைல கோதுமைல இருக்கிற இழுவை கிடையாது, அழுத்தித் தேய்ச்சா விண்டுரும். முட்டை அளவு உருண்டை பிடிச்சு, கையாலயே ஓரத்தை ஒழுங்கு பண்ணி, மேலயும் கீழயும் மாவு தூவி, லேசா உருட்டிக்கிட்டே வட்டத்தைத் திருப்பிக்கிட்டே இருக்கணும், ஒரு மில்லிமீட்டர் கனம் வரைக்கும். அவங்க வெச்சிருந்த குழவி ரெண்டு முனையும் கூரா நடுவுல லேசாப் பருத்து இருந்துச்சு, நம்ம வீட்டு அப்பளக் குழவி மாதிரியே. தேய்ச்சதை ஒண்ணு மேல ஒண்ணு மாவு தூவி அடுக்கி மூடி வைக்கணும், காத்துல காஞ்சா சுருக்கு வைக்க வராது.

நடுவுல கஞ்சியை வெச்சு ரெண்டு ஓரத்தையும் உள்ள மடிச்சு, ரெண்டு ஆள்காட்டி விரலாலயும் கிள்ளிக் கிள்ளி சுருக்கு வைக்கணும். அந்தம்மா ஒண்ணுக்கு பத்து செகண்ட் எடுத்துக்கிட்டாங்க. நான் வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புனேன், "இது என்னடா, சோமாசு ஓரம் மடிக்கிற மாதிரில்ல மடிக்கிறாங்க, இதப் போயி ரெண்டு நாளா கத்துக்கிட்டியா"ன்னு பதில் வந்துச்சு. அதே வேலைதான், ஆனா சோமாசு மாதிரி முழுசா மூடாம நடுவுல கஞ்சி தெரியணும்.

அடுப்பு எவ்வளவு சூடு ஏறுமோ அவ்வளவு. 275, முடிஞ்சா 300. தட்டையும் உள்ளயே வெச்சு சூடு ஏத்துங்க. பத்து பன்னெண்டு நிமிஷத்துல கஞ்சி மேல பழுப்புப் பொட்டு விழணும். எங்க வீட்டு அடுப்பு 250தான் போகும், அதுல வேக நேரம் கூடுது, நேரம் கூடுனா தோலு வரட்டியாயிருது. அடித்தட்டுல வெச்சு சமாளிக்கிறேன்.

இங்க வருது வெண்ணெயோட ரெண்டாவது பதம். அடுப்புலருந்து எடுத்த பீரக்கா தகடு மாதிரி இருக்கும், கடிச்சா பல்லு போயிரும். கொதிக்கக் கொதிக்க பாலும் வெண்ணெயும் உருக்குன கலவையை, வெண்ணெய் அம்பது கிராம்னா பால் ஒரு டெசி, எடுத்த எடுப்புலேயே மேலயும் அடியிலயும் தாராளமாத் தடவி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பட்டர் பேப்பரும் துணியும் போட்டு மூடிரணும். அரை மணி நேரத்துல தோலு துணி மாதிரி ஆயிரும். மாவுல இல்லாத வெண்ணெய் எல்லாம் இப்பத்தான் உள்ள போகுது. நான் முதல்ல வீட்டுல பண்ணப்ப லைட்டா ஒரு பூச்சு பூசி, மொறுமொறுன்னு இருக்கட்டும்னு மூடாம விட்டேன், வீட்டுக்காரி ஒரு வாய் கடிச்சுட்டு "இது கூரை ஓட்டுக்கா வாங்குனது"ன்னு கேட்டா. சாப்பிடும்போது மேல முட்டை வெண்ணெய், முனாவொய்னு சொல்லுவாங்க, ரெண்டு மூணு அவிச்ச முட்டையை நூறு கிராம் மெத்துன்னு இருக்கிற வெண்ணெய்ல நசுக்கி உப்பு போட்டது. நான் அதுல கொஞ்சம் மிளகுத்தூளும் போட்டுக்குவேன், யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்ல.

இப்ப மூணாவது பதம், என்னை அழ வெச்சது. டென்மார்க் வீனர்ப்ரோத், இதழ் இதழா அடுக்கு வர்ற பேஸ்ட்ரி.

கோபன்ஹேகனுக்கு ஒரு தடவை லீவுக்குப் போயிருந்தோம். சாங்க்ட் பெடர்ஸ் பேகெரின்னு 1652லருந்து இருக்கிற பேக்கரி, அங்க புதன்கெழமை நத்தைன்னு ஒண்ணு பேரு வாங்குனது, முகம் அளவுக்கு பெரிய பட்டைச் சுருள். அதைச் சாப்பிட்டதுக்கப்புறம் ஸ்பான்டவர்னு ஒண்ணு, சதுரமா நாலு மூலையும் நடுவுக்கு மடிச்சு நடுவுல மஞ்சளா கஸ்டர்டோ சிவப்பா ஜாமோ வெச்சது. இதுக்கு அந்த ஊர்ல இன்னொரு பேரு "பேக்கரோட கெட்ட கண்ணு", பாத்தா கண்ணு வந்து பழுத்த மாதிரியேதான் இருக்கும், அந்தப் பேரைக் கேட்டுட்டும் சாப்பிடுறாங்கன்னா ருசி எப்படின்னு பாத்துக்கங்க.

பேரு கூத்து இன்னும் இருக்கு. 1850ல டென்மார்க்ல பேக்கரி ஆளுங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, முதலாளிங்க ஆஸ்திரியாவுலருந்து ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க, அவங்க கொண்டு வந்த மடிப்பு வித்தைதான் இது. அதனால டென்மார்க்ல இதுக்குப் பேரு வீனர்ப்ரோத், அதாவது வியன்னா ரொட்டி. வியன்னாவுல போயி கேட்டா கோபன்ஹேகன் பலகாரம்னு சொல்றான். இங்க ஃபின்லாந்துல வீனெரி, அதுவும் வியன்னாதான். இங்கிலீஷ்காரன் டேனிஷ்னுட்டான். நல்லாருக்குன்னா எல்லாரும் என்னதும்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், இவனுங்க எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரனைக் கை காட்டுறாங்க.

அளவு சுலபம்தான். மாவு 325லருந்து 350 கிராம், ஜில்லுன்னு பால் ஒன்றரை டெசி, ஈஸ்ட் 25 கிராம், முட்டை ஒண்ணு, சர்க்கரை ஒரு ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உள்ள வெச்சு மடிக்க வெண்ணெய் 250 கிராம். ஆமா, கால் கிலோ. மாவுக்கு முக்கால்வாசி வெண்ணெய். நம்ம மைசூர்பாகு பண்ற கை இதுக்கு அஞ்சக்கூடாது. ஒரு விஷயம், இங்க கடையில சும்மா வெண்ணெய்னு எடுத்தா உப்பு போட்டதுதான் வரும், உப்பில்லாததுன்னு எழுதியிருக்கிறதைத் தேடி எடுக்கணும், மடிக்கிற வேலைக்கு உப்பு வெண்ணெய்ல பண்ணேன், கஸ்டர்டோட சேந்து கடல் தண்ணி குடிச்ச மாதிரி ஆயிருச்சு. கைச்சூட்டுப் பால் இங்க வேண்டாம், ஈஸ்ட் இங்க அவசரப்படக்கூடாது.

முறை என்னன்னா, வெண்ணெயை ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வெச்சுத் தட்டி சதுரத் தகடாக்கி, மாவுக்குள்ள கவர் மாதிரி மூடி, நீளமா உருட்டி, மூணா மடிச்சு, ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம், திருப்பி இன்னொரு தடவை, திருப்பி இன்னொரு தடவை. மூணு தடவை மூணு மடிப்பு, மூணு இன்ட்டு மூணு இன்ட்டு மூணு, 27 அடுக்கு வெண்ணெய். அடுப்புல வெண்ணெய்ல இருக்கிற தண்ணி ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தள்ளித் தூக்கும், அதான் அந்த இதழ் இதழா வர்றது.

நான் முதல் தடவை வெண்ணெயை நேரா ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து வெச்சேன். உருட்டுனதும் உள்ள பட் பட்னு உடைஞ்சுச்சு, சத்தமே கேட்டுச்சு. மாவுக்குள்ள கண்ணாடிச் சில்லு கெடக்குற மாதிரி துண்டு துண்டா நின்னுச்சு, வெந்ததும் அடுக்கு இல்ல, பொத்தல் பொத்தலா சாதா பன். ரெண்டாவது தடவை அதே நேரத்துல புல்லாவுக்கு அடுப்பு ஓடிக்கிட்டிருந்துச்சு, சமையக்கட்டு சூடு 26 இருக்கும், மூணாவது மடிப்புல வெண்ணெய் மாவோட ஓரத்துல பிதுங்கி மேசை முழுக்க, அதைத் துடைச்சுத் துடைச்சு மாவு தூவி எப்படியோ அடுப்புல வெச்சா, அது தன் வெண்ணெய்லயே பூரி மாதிரி பொரிஞ்சு வந்துச்சு. தட்டை எடுக்கும்போது வெண்ணெய் அலையடிக்குது. அன்னிக்கு நானும் வீட்டுக்காரியும் பேசிக்கல, கிச்சனைக் கழுவுனது அவ.

மூணாவது தடவைதான் புரிஞ்சுச்சு, வெண்ணெய் உடையவும் கூடாது, உருகவும் கூடாது, வளையணும். தகடை எடுத்து மேசை ஓரத்துல தொங்க விட்டா பெல்ட் மாதிரி மடங்கணும், விரிசல் விழக்கூடாது, விரல்ல பிசுக்கும் ஒட்டக்கூடாது. அது 14, 15 டிகிரி பக்கம். மாவும் கிட்டத்தட்ட அதே சில்லிப்புல, அதே மெதுப்புல இருக்கணும், மாவு மெது வெண்ணெய் கட்டின்னா உடையும், மாவு கட்டி வெண்ணெய் மெதுன்னா பிதுங்கும். இப்ப நான் தட்டுறதே ஃப்ரிட்ஜ் வெண்ணெயைத்தான், ஆனா குழவியால நல்லா அடிச்சு அடிச்சு வளைய வெச்சுட்டுத்தான் மாவுக்குள்ள விடுறேன், அடிச்சா சூடு ஏறாமயே இளகுது. உருட்டும்போது எதிர்த்து நின்னுச்சுன்னா பலம் காட்டாம ஃப்ரிட்ஜ்ல போட்டுட்டு வேற வேலை பாருங்க.

உள்ள வைக்க ரெமொன்ஸ்னு ஒரு விழுது, வெண்ணெய், சர்க்கரை, பாதாம் மார்சிபான் மூணும் நூறு நூறு கிராம் சேத்துப் பிசைஞ்சது. பத்து செண்டி சதுரமா வெட்டி, நடுவுல ஒரு ஸ்பூன் வெச்சு, நாலு மூலையும் மடிச்சு நடுவுல அழுத்தி, பொங்குனதும் நடுவுல குழி பண்ணி கஸ்டர்ட். பொங்க வைக்கிற இடம் 25 டிகிரிக்கு மேல வேண்டாம், ஹீட்டர் மேல வெச்சீங்கன்னா பொங்குறதுக்கு முன்னாடி வெண்ணெய் ஓடிரும், நாம பட்ட பாடெல்லாம் தட்டுல தேங்கிரும். முட்டை தடவும்போது மேல்பக்கம் மட்டும், வெட்டுன ஓரத்துல வழிஞ்சா அடுக்கு எல்லாம் ஒட்டிக்கும். 210, 220 டிகிரில பன்னெண்டு பதினஞ்சு நிமிஷம், நல்ல பழுப்பு நிறம் வர வரைக்கும் எடுக்காதீங்க, வெளுப்பா எடுத்தா உள்ள சவசவன்னு மாவு வாசம். ஆறுனதும் ஐசிங் சர்க்கரைல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு வளையமா ஊத்துங்க.

மத்ததெல்லாம் சட்டுன்னு சொல்லிடுறேன். கிறிஸ்மஸ்க்குப் பண்ற நட்சத்திர தொர்த்துவுக்கு ரெடிமேட் பஃப் மாவு வாங்குங்க, ஃபின்காரங்களே பாதிப் பேர் ஃப்ரோசன் மாவுதான் வாங்குறாங்க, அதுல வெக்கம் ஒண்ணுமில்ல. ஆனா உள்ள வைக்கிற ஆல்புகரா மாதிரி இருக்கிற காஞ்ச பிளம் ஜாம், அடுப்புக்குத் தாங்குற வகையா வாங்கணும், சாதா ஜாம் வெச்சா நட்சத்திரம் அழுதுரும். பிப்ரவரி 5 கவிஞர் ரூனெபெரி பொறந்த நாளு, அன்னிக்கு உருளையா பாதாம் போட்டு மேல ராஸ்பெர்ரி ஜாமும் சர்க்கரை வளையமும் வெச்ச ஒரு கேக், சுலபம், மடிப்பும் இல்ல ஈஸ்டும் இல்ல, பழைய ரொட்டித் தூளு கேக்குத் தூளெல்லாம் அதுல காலி பண்ணிரலாம். கிறிஸ்தவங்க தவக்கால நோன்புக்கு முந்துன வாரம் வர்ற க்ரீம் பன்னுல பாதாம் விழுதா ஜாமான்னு ஆபீஸ்ல ரெண்டு கட்சி, நான் எந்தக் கட்சிலயும் இல்ல, ரெண்டையும் வாங்கிச் சாப்பிடுவேன்.

ஆபீஸ்க்குக் கொண்டு போறவங்க லாக்டோஸ் இல்லாத பால், வெண்ணெய்ல பண்ணிட்டுப் போங்க, இங்க நிறைய பேருக்கு லாக்டோஸ் ஒத்துக்காது, ரெசிபில ஒண்ணும் மாத்த வேண்டாம், அப்படியே வரும். அப்புறம் பாராட்டை எதிர்பாக்காதீங்க. நான் மூணு வருஷம் சொதப்பி, நாலாவது வருஷம் 27 அடுக்கும் எண்ணுற மாதிரி ஸ்பான்டவர் கொண்டு போனப்ப சீனியர் ஒருத்தர் ரெண்டு சாப்பிட்டுட்டு "இஹான் ஹ்யுவா"ன்னாரு. பரவால்ல, நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். மூஞ்சி செத்துப் போய் வந்து உக்காந்தேன், பக்கத்து சீட்டுப் பொண்ணுதான் சொன்னா, அவரு வாயிலருந்து பதினோரு வருஷத்துல வந்த பெரிய பாராட்டு அதான்னு.

சூடா இருக்கும்போது எவ்வளவு நல்லாருக்கோ, புல்லா மறுநாள் பாதி அழகுதான். அன்னிக்கே ஆறுன உடனே ஃப்ரீஸர்ல போட்டு, வேணுங்கிறப்ப எடுத்து அடுப்புல அஞ்சு நிமிஷம் காட்டுனா புதுசு மாதிரி இருக்கும். வீனெரியும் அப்படியே, மைக்ரோவேவ்ல மட்டும் வெச்சுடாதீங்க, தோல் செருப்பு ஆயிரும்.

எங்க ஃப்ரிட்ஜ் சின்னது, மாவுத் தட்டு உள்ள போகாது. அதனால இப்பல்லாம் மடிப்புக்கு நடுவுல தட்டை பால்கனில வெச்சுருவேன். போன ஜனவரில பாக்காம வெச்சுட்டேன், வெளிய மைனஸ் பதினஞ்சு, அரை மணி நேரத்துல மாவு கடப்பாக்கல். அதுலருந்து வீனெரி பண்ணணும்னா முதல்ல வானிலைதான் பாக்குறது, ப்ளஸ் ரெண்டுலருந்து ஆறுக்குள்ள இருந்தா அடிச்சு மடிக்கலாம். இன்னிக்கு ப்ளஸ் நாலு. ரெண்டாவது மடிப்பு முடிஞ்சு தட்டு வெளிய இருக்கு, இதை டைப் பண்ண ஆரம்பிச்சப்ப வெச்சது, அரை மணி நேரம் தாண்டிருச்சு, போய் எடுக்கணும்.